மருத்துவத் தேன் வாங்கலாமா, சாதாரணத் தேனே போதுமா?

தேன் அடுக்கியிருக்கும் தட்டில் ஒரு சாதாரண பாட்டில், அதை ஒட்டியே பல மடங்கு விலையில் இன்னொரு சின்ன பாட்டில். சின்னதன் மேல் 10+, 250+ என்று எண்கள், "மருத்துவ குணம் நிறைந்தது" என்று ஒரு வரி, பெரும்பாலும் ஒரு பூவின் படம். இதை வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதற்கு? இருமலுக்கா, புண்ணுக்கா, இல்லை சும்மா "உடம்புக்கு நல்லதாமே" என்றா? இந்த மூன்றுக்கும் பதில் வேறு வேறு. ஒரே பதிலை எதிர்பார்ப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணங்களுக்குப் போகலாம். தேன் தான் தொடும் இடத்தில்தான் மருந்தாக இருக்கிறது. தொண்டையைத் தொட்டால் தொண்டைக்கு, புண்ணைத் தொட்டால் புண்ணுக்கு. விழுங்கி வயிற்றுக்குள் போய்விட்டால் அது கிட்டத்தட்ட சர்க்கரைதான், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும்.

## எதை வைத்து எடை போடுவது

விளம்பரத்தை ஓரமாக வைத்துவிட்டு நான்கு கேள்விகளைக் கேட்டால் போதும்.

மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்களா? கண்ணாடித் தட்டில் பாக்டீரியாவைக் கொன்றது என்பது ஒரு சேதி, நோயாளி குணமானார் என்பது வேறு சேதி. தேன் விற்பவர்கள் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை நம்ப வைப்பதில் கெட்டிக்காரர்கள்.

கூடுதல் காசு எதற்குப் போகிறது? அந்தச் சிறப்புப் பொருள் உங்களுக்குத் தேவையான இடத்துக்குப் போய்ச் சேருமா என்று பார்க்க வேண்டும்.

அசலா என்று எப்படித் தெரியும்? உலகில் அதிகமாகக் கலப்படம் செய்யப்படும் உணவுகளில் தேனும் ஒன்று. விலை ஏற ஏற ஏமாற்றும் ஆசையும் ஏறும்.

விலைச்சீட்டில் எழுதாத செலவு என்ன? சர்க்கரை, பல், ஒவ்வாமை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தாமதம். தேனை நம்பி டாக்டரிடம் போகாமல் விட்ட ஒரு வாரத்துக்கு எந்த பாட்டிலிலும் விலை போட்டிருக்காது.

அவசரக்காரர்களுக்கு ஒரு அட்டவணை. விவரம் கீழே.

| வகை | கூடுதல் விலை எதற்கு | மனிதச் சோதனைச் சான்று | எழுதாத செலவு | யார் வாங்கலாம் |
|---|---|---|---|---|
| சாதாரணத் தேன் | கூடுதல் இல்லை | இருமலுக்கு ஓரளவு நல்ல சான்று | கலப்பட வாய்ப்பு, சர்க்கரை | இருமல், தொண்டைக் கரகரப்புக்கு |
| பச்சைத் தேன் | சூடாக்காதது, அதிகம் வடிகட்டாதது | தனியாகச் சொல்லக் குறைவு | "பச்சை" என்பதைச் சரிபார்ப்பது கடினம் | சுவைக்காக வாங்குபவர்கள் |
| மனுகா (நியூசிலாந்துப் பக்கத்துப் புதர்ப் பூவின் தேன்) | எம்ஜிஓ (கிருமியைக் கொல்லும் ஒரு வேதிப்பொருள்) எண் | சாப்பிடுவதற்கு மிகக் குறைவு | போலி, எண் குழப்பம் | சுவை பிடித்தவர்கள் |
| கொசுத்தேன் | குறைந்த விளைச்சல், தனி வகைச் சர்க்கரை | தொடக்க நிலை | சீக்கிரம் புளிக்கும் | புதுச் சுவை தேடுபவர்கள் |
| மூலிகை, "சக்தி" தேன் | சேர்மானம் | அநேகமாக இல்லை | சொல்லாமல் கலந்த மருந்து | யாரும் வேண்டாம் |
| கிருமி நீக்கிய காயத் தேன் | தூய்மை, மருத்துவத் தரம் | சில வகைப் புண்களுக்கு உண்டு | தானாக முடிவெடுக்கும் ஆபத்து | டாக்டர் சொன்னால் |

## தேனுக்குள் என்னதான் இருக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கிவிடும், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. பிரக்டோஸ் கொஞ்சம் அதிகம், அடுத்து குளுக்கோஸ். தண்ணீர் 17, 18 சதவீதம்தான். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. தண்ணீர் இவ்வளவு குறைவாகவும் சர்க்கரை இவ்வளவு அடர்த்தியாகவும் இருப்பதால், அதில் விழுந்த பாக்டீரியாவின் உடம்பிலிருந்தே தண்ணீரை இழுத்துவிடும். போதாக்குறைக்குப் புளிப்பும் உண்டு, பிஎச் அளவு சுமார் 4. இனிப்பு தூக்கலாக இருப்பதால் நாக்குக்கு அது தெரிவதில்லை.

அடுத்ததுதான் சுவாரசியம். தேனீ தன் சுரப்பியிலிருந்து குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற என்சைமைத் தேனில் சேர்க்கிறது. கெட்டித் தேனில் இது சும்மா கிடக்கும். ஈரமான புண்ணின் மேல் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், புண்ணிலிருந்து நீர் ஊறி அந்தச் சொட்டின் விளிம்பு இளகத் தொடங்கும். இளகிய இடத்தில் என்சைம் விழித்துக்கொண்டு குளுக்கோஸைக் கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் அமிலமாகவும் மாற்றும். மருந்துக் கடையில் புண் கழுவ விற்கும் அதே பெராக்சைடுதான், ஆனால் மிகச் சிறிய அளவில், மணிக்கணக்காக ஊறிக்கொண்டே இருக்கும். இது எந்தப் பூவின் தேனிலும் உண்டு. அதிகம் சூடாக்கினாலோ வெளிச்சத்தில் நாள் கணக்காக வைத்தாலோ அந்த என்சைம் கெட்டுவிடும். ரத்தத்திலும் திசுக்களிலும் இருக்கும் கேட்டலேஸ் என்ற இன்னொரு என்சைம் பெராக்சைடை உடைத்தும் விடும்.

இந்தக் கேட்டலேஸ்தான் மனுகாவின் கதைக்கே தொடக்கம்.

## சாதாரணத் தேன்

இருமலுக்கு இதற்கு மேல் செலவு செய்ய வேண்டியதில்லை.

2007-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2 முதல் 18 வயது வரையான 105 பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடந்தது. படுக்கப் போவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் ஒரு பிரிவுக்குத் தேன், ஒரு பிரிவுக்குத் தேன் சுவையூட்டிய டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் என்ற இருமல் மருந்து, மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் கொடுக்காததைவிடத் தேன் நன்றாக வேலை செய்தது. இருமல் மருந்து அந்த அளவுக்குக்கூட வேலை செய்யவில்லை. இதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்கத் தேன் வாரியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அதனால் இந்த ஒன்றை மட்டும் வைத்து யாரும் குதிக்க வேண்டாம். 2012-இல் இஸ்ரேலில் 1 முதல் 5 வயது வரையான 300 குழந்தைகளிடம் இன்னும் பெரிதாகச் செய்தார்கள். யூகலிப்டஸ், ஆரஞ்சு இனம், துளசிக் குடும்பச் செடிகள் என மூன்று பூக்களின் தேன், ஒப்பிடப் பேரீச்சம் பாகு. எல்லாமே 10 கிராம். மூன்று தேனும் பாகைவிட நன்றாக இருந்தன.

மூன்று வகையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வேலை செய்தன என்பதுதான் நமக்கு வேண்டிய சேதி. எந்தப் பூவின் தேன் என்பது இருமலுக்குப் பெரிய விஷயம் இல்லை. தொண்டையை மூடிப் படரும் அந்தப் பிசுபிசுப்பும் இனிப்பும்தான் பெரும்பாலான வேலையைச் செய்கின்றன என்று நினைக்க இடம் இருக்கிறது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2018-இல் இத்தகைய ஆறு சோதனைகளையும் 899 குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்து, ஒன்றும் கொடுக்காததைவிடத் தேன் இருமலைக் குறைக்கலாம் என்றது. அதே ஆண்டு பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பும், சாதாரண இருமலுக்கு ஆன்டிபயாடிக்கைத் தேடாமல் முதலில் தேன் போன்றவற்றை முயலலாம் என்று வழிகாட்டியது.

எழுதாத செலவு இரண்டு. ஒன்று கலப்படம், அதைப் பிறகு பார்ப்போம். இன்னொன்று பல். இரவில் பல் துலக்கியபின் ஒரு ஸ்பூன் தேன் கொடுத்துத் தூங்க வைத்தால், அது விடிய விடியப் பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும். இருமல் இருக்கும் இரண்டு மூன்று நாளைக்குச் சரி. பழக்கமாக்கினால் பல் டாக்டருக்குத்தான் லாபம்.

## பச்சைத் தேன்

சூடாக்காமல், அதிகம் வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்தது. என்சைம் உயிரோடு இருக்கும், மகரந்தத் துகள் இருக்கும், நல்ல மணமும் இருக்கும். சுவைக்காக என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் மருந்து என்ற கணக்கில் எடுத்துக்கொண்டால், என்சைம் என்பது ஒரு புரதம். அதை விழுங்கினால் மற்றப் புரதத்தைப் போலவே வயிறு செரித்துவிடும். கொதிக்கும் தேநீரில் கலக்கிக் குடிப்பவர்கள் அதற்கு முன்பே அதைக் கொன்றுவிடுகிறார்கள். அப்புறம் எதற்குப் பச்சைத் தேன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

உள்ளூர்ப் பச்சைத் தேன் சாப்பிட்டால் மகரந்த ஒவ்வாமை போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கேட்பதற்குத் தடுப்பூசி மாதிரி தர்க்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூக்கை ஒழுக வைப்பது பெரும்பாலும் காற்றில் பறக்கும் புல், மரங்களின் மகரந்தம். தேனீ தேடிப் போவது வேறு வகைப் பூக்கள், அவற்றின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை கொண்டது, காற்றில் அதிகம் பறக்காது. 2002-இல் அமெரிக்காவில் உள்ளூர்த் தேன், வெளியூர்த் தேன், தேன் சுவை கொண்ட போலிப் பாகு என்று மூன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். பாகைவிட எந்தத் தேனும் உசத்தியாக இல்லை.

நியாயத்துக்கு, எதிர்ப்பக்கச் சான்றையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் டொரொன்டோ பல்கலைக்கழகத்தினர் 18 சோதனைகளை, ஆயிரத்துச் சொச்சம் பேரைச் சேர்த்து அலசியதில், தேன் சாப்பிட்டவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் கொஞ்சம் குறைந்திருந்தன. பச்சைத் தேனுக்கும் ஒரே பூவின் தேனுக்கும் இது கூடுதலாகத் தெரிந்தது. விற்பவர்கள் இதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆனால் சான்றின் உறுதி குறைவு என்று அந்த ஆய்வாளர்களே சொன்னார்கள், சர்க்கரையே சேர்க்காதவர்கள் இதற்காகத் தேனைத் தொடங்க வேண்டாம், ஏற்கெனவே சர்க்கரை சேர்ப்பவர்கள் அதற்குப் பதிலாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். அந்தச் சோதனைகளில் கொடுத்த அளவு நாளைக்கு ஏறக்குறைய 40 கிராம். அதில் சர்க்கரை மட்டும் 32 கிராம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று சொல்லும் சேர்ப்புச் சர்க்கரைக் கணக்கில் தேனும் அடக்கம்.

## மனுகா

விலையில் ராஜா இதுதான், குழப்பத்திலும்.

மனுகா என்பது நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வளரும் ஒரு புதர்ச் செடி. 1980-களில் நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் மோலன் என்ற ஆய்வாளர், தேனில் கேட்டலேஸைச் சேர்த்துப் பெராக்சைடை முழுக்க அழித்துவிட்டு, அதன் பிறகும் அது பாக்டீரியாவைக் கொல்கிறதா என்று பார்த்தார். மற்றத் தேன்கள் அடங்கிப் போயின, மனுகா அடங்கவில்லை. அந்த மிச்ச சக்திக்குக் காரணம் மெத்தில்கிளையாக்சால், சுருக்கமாக எம்ஜிஓ, என்று பின்னால் ஜெர்மனியின் டிரெஸ்டன் பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்தது. மனுகாப் பூவின் மதுவில் இருக்கும் டைஹைட்ராக்சிஅசிட்டோன் என்ற பொருள்தான், தேன் இருப்பில் இருக்க இருக்க மெதுவாக எம்ஜிஓ-வாக மாறுகிறது.

அறிவியல் அசல்தான், அதில் சந்தேகம் வேண்டாம். சிக்கல் பாட்டிலை வாயில் கவிழ்க்கும்போது தொடங்குகிறது.

லேபிளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்றில் யூஎம்எஃப் 10+ (மனுகாவின் வீரியத்துக்கு நியூசிலாந்துத் தேன் துறையினர் தரும் தர எண்), இன்னொன்றில் எம்ஜிஓ 100+, மூன்றாவதில் "ஆக்டிவ் 15+". எது உசத்தி? எண்ணைப் பார்த்தால் 100 பெரிதாகத் தெரியும். ஆனால் யூஎம்எஃப் 10+ என்றால் ஒரு கிலோவில் குறைந்தது 263 மில்லிகிராம் எம்ஜிஓ. 5+ என்றால் 83, 15+ என்றால் 514, 20+ என்றால் 829. ஆக எம்ஜிஓ 100+ என்பது யூஎம்எஃப் 5+-ஐச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். மூன்றாவது பாட்டிலின் "ஆக்டிவ்" எதை அளந்தது என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. பெராக்சைடையும் சேர்த்து "மொத்தச் செயல்திறன்" என்று கணக்குக் காட்டினால் எந்தத் தேனுக்கும் ஒரு எண் போடலாம்.

இந்த யூஎம்எஃப் எண்ணே பிறந்தது ஆய்வகத் தட்டில்தான். ஃபீனால் என்ற கிருமிநாசினியின் எத்தனை சதவீதக் கரைசலுக்கு இந்தத் தேன் சமம் என்று பார்த்து வைத்த எண் அது. வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது ஒரு கணக்கு. யூஎம்எஃப் 10+ தேனில் ஒரு டீஸ்பூன், அதாவது 7 கிராம் எடுத்தால் அதில் எம்ஜிஓ 2 மில்லிகிராமுக்கும் குறைவு. சர்க்கரை ஐந்தரை கிராமுக்கு மேல். அந்த 2 மில்லிகிராமும் வயிற்று நீரில் கரைந்து, செரிமானத்தின்போது பெரும்பகுதி சிதைந்தும் விடும். அது ரத்தத்தில் ஏறி உடம்பெல்லாம் கிருமியைத் தேடிப் பிடிக்கும் என்று நினைப்பது வெறும் ஆசை. வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை மனுகா தட்டில் கொன்றது உண்மை. அதே மனுகாவை அந்தக் கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறு சோதனையில் கிருமி போகவில்லை. நோய் எதிர்ப்புச் சக்தி, சளி வராமல் தடுப்பது போன்றவற்றுக்கும் நம்பிச் செலவு செய்யும் அளவுக்கு மனிதச் சோதனை இல்லை.

போலி இன்னொரு தலைவலி. நியூசிலாந்து அரசு 2018 முதல், ஏற்றுமதியாகும் தேனை மனுகா என்று சொல்ல வேண்டுமானால் நான்கு வேதிப்பொருள், ஒரு டிஎன்ஏ அடையாளம் என ஐந்து சோதனைகளில் தேற வேண்டும் என்று விதித்திருக்கிறது. செயற்கையாக எம்ஜிஓ-வையும் டைஹைட்ராக்சிஅசிட்டோனையும் கலந்ததற்காக அங்கேயே ஒரு நிறுவனம் அபராதம் கட்டியிருக்கிறது. வாங்கியே தீருவேன் என்பவர்கள் மூன்றைப் பார்க்கவும்: நியூசிலாந்திலேயே அடைத்ததா, யூஎம்எஃப் முத்திரையும் உரிம எண்ணும் இருக்கின்றனவா, "ஒரே பூ" என்று போட்டிருக்கிறதா "பல பூ" என்றா. பல பூ என்றால் மனுகா குறைவு, ஆனால் அட்டையின் படத்தில் அது தெரியாது.

யாருக்கு இது நல்ல தேர்வு? அந்தக் கசப்பு கலந்த மண் வாசனை பிடித்தவர்களுக்கு. வேறு காரணம் கேட்டால் நான் யோசிக்க வேண்டியிருக்கும்.

## கொசுத்தேன்

கொடுக்கில்லாத சிறு தேனீக்களின் தேன். நீர்த்தாற்போலவும் புளிப்பாகவும் இருக்கும். ஒரு கூட்டில் ஆண்டுக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம், பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டாது. விலைக்கு முக்கியக் காரணம் இந்த விளைச்சல்தான்.

இதில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தது உண்மை. 2020-இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினர் இந்தத் தேனில் டிரெஹலுலோஸ் என்ற அரிய சர்க்கரை நூறு கிராமுக்கு 13 முதல் 44 கிராம் வரை இருப்பதாகக் காட்டினார்கள். இது ரத்தத்தில் மெதுவாக ஏறும் சர்க்கரை. அதனால் சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்ற தேன் என்று உடனே விற்கத் தொடங்கிவிட்டார்கள். மெதுவாக ஏறினாலும் சர்க்கரைதான். 13-க்கும் 44-க்கும் நடுவில் உங்கள் பாட்டில் எங்கே நிற்கிறது என்று யாரும் சொல்லப் போவதும் இல்லை. தண்ணீர் அதிகம் என்பதால் சீக்கிரம் புளித்துப் பொங்கும், குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

## மூலிகைத் தேன், "சக்தி" தேன்

இஞ்சி, பூண்டு, மஞ்சள் கலந்த தேன் என்பது பெரும்பாலும் சாதாரணத் தேனில் கொஞ்சம் பொடியோ சாறோ சேர்த்துப் பெரிய விலை போட்டது. வேண்டுமானால் வீட்டில் சாப்பிடும்போது கலந்துகொள்ளலாமே. சாறு கலந்தால் தேனின் ஈரம் கூடிவிடும், தேன் கெடாமல் இருப்பதற்கான காரணமே அடிபடும்.

ஆண்மைச் சக்தி, உடனடித் தெம்பு என்று சின்னச் சின்ன உறைகளில் விற்கும் தேனை விட்டு விலகியே இருங்கள். 2022-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய தேன்களைச் சோதித்து, சொல்லாமலே சில்டெனாஃபில், டடாலாஃபில் என்ற ஆண்மைக்குறைவு மருந்துகள் கலந்திருப்பதாக எச்சரித்தது. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்தக் கூட்டு ரத்த அழுத்தத்தை அதலபாதாளத்துக்குத் தள்ளிவிடும். நேபாளத்திலும் துருக்கியின் கருங்கடல் பகுதியிலும் ரோடோடென்ட்ரான் பூக்களிலிருந்து வரும் "பித்துத் தேன்" கதையும் இதே ரகம். அதில் கிரேயனோடாக்சின் என்ற நஞ்சு உண்டு, இதயத் துடிப்பை ஆபத்தான அளவுக்குக் குறைக்கும். மருந்து என்று சொல்லி இதையும் விற்கிறார்கள்.

## கிருமி நீக்கிய காயத் தேன்

மருத்துவத் தேன் என்ற பெயருக்கு உண்மையில் தகுதியானது இது ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால் இதை யாரும் சாப்பிடுவதில்லை.

டியூபிலோ, தேன் ஊறிய டிரெஸ்ஸிங்காகவோ வரும். காமா கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கியிருப்பார்கள். சூடு போட்டால் என்சைம் செத்துவிடும், கதிரில் அது பெரும்பாலும் தப்பிக்கும், தேனில் ஒளிந்திருக்கும் பாக்டீரியா வித்துகள் அழியும். 2007-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முதன்முதலாக அனுமதித்த தேன் டிரெஸ்ஸிங் மனுகா வகையைச் சேர்ந்தது. எம்ஜிஓ-வுக்கு உண்மையான வேலை இங்கேதான், ஏனென்றால் இங்கே அது கிருமியை நேராகத் தொடுகிறது. விலையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், நீங்கள் வாங்குவது இனிப்பை இல்லை, தூய்மையை.

காக்ரேன் அமைப்பு 2015-இல் 26 சோதனைகளை, 3,011 பேரைச் சேர்த்து அலசியது. தோலின் மேல் பகுதி மட்டும் வெந்த தீப்புண்கள், வழக்கமான டிரெஸ்ஸிங்கைவிடத் தேனில் நான்கைந்து நாள் முன்னதாக ஆறின. அறுவைக்குப் பின் சீழ் பிடித்த புண்ணிலும் கிருமிநாசினியும் துணியும் வைத்ததைவிட நன்றாக இருந்தது. நாளக் கோளாறால் காலில் வரும் ஆறாத புண்ணுக்குப் பெரிய பலன் இல்லை. மற்றப் பலவற்றுக்கு உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. எல்லாப் புண்ணுக்கும் தேன் என்று கிளம்புபவர்கள் இந்தக் கடைசி இரண்டையும் படிக்க வேண்டும்.

சரி, சமையலறைத் தேனையே தடவினால் என்ன? வேண்டாம். அதில் பாட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நோயைத் தரும் கிருமியின் வித்து இருக்கலாம், திறந்த புண் அதற்கு நல்ல இடம். சர்க்கரை நோயாளியின் கால் புண், ஆழமான காயம், பெரிய தீப்புண், சிவந்து பரவும் புண் எதுவாக இருந்தாலும் டியூபைக்கூட நீங்களாக எடுக்காதீர்கள். தேன் புண்ணில் எரியும், சிலருக்கு நன்றாகவே எரியும், அதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

## அசலா என்று கண்டுபிடிக்க

தண்ணீரில் விட்டால் நேராக அடியில் இறங்க வேண்டும், தீக்குச்சியை நனைத்தால் எரிய வேண்டும், எறும்பு வரக்கூடாது, தாளில் ஊறக்கூடாது. இந்த நான்கும் வேலைக்கு ஆகாது. கெட்டியான எந்தப் பாகும் இவற்றில் தேறிவிடும், ஈரம் சற்று அதிகமான அசல் தேன் தோற்றுவிடும். உறைவதும் கலப்படத்துக்கு அடையாளம் இல்லை, குளுக்கோஸ் அதிகமான தேன் உறையத்தான் செய்யும்.

ஆய்வகத்துக்கே இது எளிதல்ல. கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரையைக் கலந்தால் கார்பன் ஐசோடோப் சோதனை பிடித்துவிடும். அது தெரிந்ததும் அரிசிப் பாகுக்கும் சர்க்கரை பீட் கிழங்குப் பாகுக்கும் மாறினார்கள். அவற்றின் கார்பன் அடையாளம் பூக்களுடையதைப் போலவே இருப்பதால் பழைய சோதனையில் மாட்டாது. ஐரோப்பிய ஆணையம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையில், இறக்குமதித் தேன் மாதிரிகள் 320-இல் 147 சந்தேகத்துக்குரியவை. அதாவது 46 சதவீதம். அதனால் கூடுதல் காசு உங்களிடம் இருந்தால் அதை எம்ஜிஓ எண்ணுக்குக் கொடுப்பதைவிட, யார் எடுத்தது, எங்கே எடுத்தது, எந்த ஆய்வகத்தில் சோதித்தது என்று சொல்லக்கூடிய ஒருவரின் சாதாரணத் தேனுக்குக் கொடுங்கள் என்பேன்.

## ஒன்றுமே வாங்காமல் இருப்பது

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இதுதான் ஒரே சரியான பதில். நாக்கில் ஒரு துளிகூட வேண்டாம், சூடாக்கிய தேனும் வேண்டாம், பாட்டுலிசம் வித்து கொதிநீரிலும் சாகாது. பெரியவர்களின் குடல் அதைச் சமாளிக்கும், கைக்குழந்தையின் குடலால் முடியாது. தேன் எவ்வளவு தூயது, எவ்வளவு விலை என்பது இங்கே கணக்கிலேயே வராது.

சர்க்கரை நோய் உள்ளவர்களும் தேனை மருந்து என்ற பெயரில் கணக்குக்கு வெளியே வைக்கக்கூடாது. தேனீ சார்ந்த பொருட்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இது வேண்டாம். மூன்று வாரத்துக்கு மேல் போகும் இருமல், மூச்சுத் திணறல், சளியில் ரத்தம், விடாத காய்ச்சல் என்றால் எந்தத் தேனையும் தேட வேண்டாம், டாக்டரைத் தேடுங்கள்.

## ஏற்கெனவே மனுகா வாங்கி வைத்திருந்தால்

தூக்கிப் போட வேண்டாம், அது நல்ல தேன்தான். இருமலுக்கும் தொண்டைக்கும் கொடுங்கள், ஆறு முதல் பதினொரு வயதுப் பிள்ளைக்குப் படுப்பதற்கு முன் ஒரு டீஸ்பூன், அதற்குச் சின்னவர்களுக்கு அரை, பெரியவர்களுக்கு இரண்டு. பென்சில்வேனியாச் சோதனையில் கொடுத்ததும் ஏறத்தாழ இதே அளவுதான், அதில் இருந்தவர்கள் எல்லோரும் இரண்டு வயதைத் தாண்டியவர்கள். நேராக ஸ்பூனில் கொடுங்கள், தண்ணீரில் கரைத்தால் தொண்டையில் தங்காமல் ஓடிவிடும். உறைந்திருந்தால் பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வையுங்கள், அடுப்பில் ஏற்ற வேண்டாம். காயத்துக்கு மட்டும் அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள், 20+ என்று போட்டிருந்தாலும் அது சாப்பிடும் தேன்தான், கிருமி நீக்கியது இல்லை. தீர்ந்த பிறகு அடுத்த பாட்டில் சாதாரணத் தேனாக இருக்கட்டும்.